அமெரிக்காவைப் பார் என்கிறார்கள், பார்ப்போம் வாருங்கள்!

(புதிய ரோட்டுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து நடந்த கிராமக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலம் அளக்க வருகிறவர்கள் ஊருக்கு ஊர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "அமெரிக்காவைப் பாருங்கய்யா, ரோடு போட்டான், முன்னேறினான். நீங்க ரெண்டு ஏக்கரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா நாடு எப்படி முன்னேறும்?" என்கிறார்கள். சரி, அமெரிக்காவையே பார்ப்போம். பாதியைக் காட்டி மீதியை மறைக்காமல் முழுசாகப் பார்ப்போம். ஒரு மாதமாக நம்ம ஊர்ப் பிள்ளைகளைச் செல்போனில் மேப்பைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, படித்துத்தான் பேசுகிறேன்.

அவர்கள் காட்டுகிற ரோட்டுக்கு அங்கே 'இன்டர்ஸ்டேட்' என்று பேர். 1956-ல் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது சட்டம் போட்டு 41,000 மைலுக்குத் திட்டம் தீட்டினார்கள். இன்றைக்கு 48,000 மைலுக்கு மேலே, அதாவது சுமார் 78,000 கிலோமீட்டர் இருக்கிறது. சிக்னல் கிடையாது, குறுக்கு ரோடு கிடையாது. குறிப்பிட்ட இடத்தில்தான் ஏறலாம், குறிப்பிட்ட இடத்தில்தான் இறங்கலாம். நம்ம பாஷையில் சொன்னால் வேலி ரோடு. நல்ல ரோடுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டில் இருக்கிற மொத்த ரோட்டில் இது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. பெரிய டிரெய்லர் லாரிகள் ஓடுகிற மொத்த தூரத்தில் ஏறக்குறைய பாதி இந்த ரோட்டில் ஓடுகிறது. ரொம்பப் பெரிய பங்குதான். மீதிப் பாதி எங்கே ஓடுகிறது? அதைத்தான் நமக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மீதிப் பாதி பழைய ரோட்டில் ஓடுகிறது. 1926-ல் நம்பர் போட்ட 'யு.எஸ்.' ரோடுகள், மாநிலங்கள் போட்ட ரோடுகள், அதற்கும் கீழே உள்ள ரோடுகள்.

டெக்சாஸ் மாநிலத்தில் 287-ம் நம்பர் ரோடு என்று ஒன்று. ஃபோர்ட் வொர்த் நகரத்திலிருந்து வடமேற்கே அமரில்லோ வரைக்கும் சுமார் 550 கிலோமீட்டர். விச்சிட்டா ஃபால்ஸ், வெர்னான், குவானா, சில்ட்ரஸ், மெம்ஃபிஸ், கிளாரெண்டன் என்று வரிசையாக ஊர்கள். அமரில்லோவைத் தாண்டி வடக்கே ஓக்லஹோமா மாநிலத்தின் மூலையை அறுத்துக்கொண்டு கொலராடோவுக்குள் நுழைகிறது. டெக்சாஸின் பெருநகரத்திலிருந்து டென்வர் போகிற லாரிக்காரனுக்கு இதுதான் வழி. ஏன்? வேலி ரோடுகளைப் பெரும்பாலும் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் கட்டம் போட்ட மாதிரி போட்டுவிட்டார்கள். சரக்கு கட்டம் பார்த்தா போகும்? மூலைக்கு மூலை போகிறவனுக்கு 287 குறுக்கு வழி. டீசல் மிச்சம், நேரம் மிச்சம். இதே மாதிரி எல் பாசோவிலிருந்து கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா வரைக்கும் மூலைவாட்டில் போகிறது 54-ம் நம்பர் ரோடு. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களைக் கேளுங்கள், ரோடு எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு தூரம், எத்தனை டோல்கேட் என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அங்கேயும் அதே கணக்குத்தான். இந்தியானா மாநிலத்தில் சுங்கம் வாங்குகிற வேலி ரோடு இருக்கும்போதே லாரிகள் பக்கத்திலிருக்கிற 30-ம் நம்பர் ரோட்டில் போகின்றன, அதில் சுங்கம் இல்லை என்பதால்.

287 போகிற பூமி பருத்தியும் கோதுமையும் மாடும் உள்ள பூமி. கொஞ்சம் வடக்கே போனால் 1930-களில் மண்ணே புழுதியாகப் பறந்து ஜனங்கள் ஊரைக் காலி பண்ணின பகுதி. அந்த வறண்ட சீமையில் பல இடங்களில் நான்கு தடமாக, நடுவில் புல் விட்டு ரோடு போட்டிருக்கிறார்கள். முக்கியமான சங்கதி என்னவென்றால், விவசாயியின் வண்டிப்பாதை நேராக அந்த ரோட்டில் வந்து ஏறுகிறது. நடுவில் திறப்பு விட்டிருக்கிறார்கள், டிராக்டர் அந்தப் பக்கம் போகலாம். லாரிக்கு ரோடு, டிராக்டருக்கும் அதே ரோடு. இன்னும் ஒன்று கவனியுங்கள். நாலு தடம் போட வண்டி ஓட்டம் போதாத இடத்தில், இரண்டு தட ரோட்டையே வைத்துக்கொண்டு, சில கிலோமீட்டருக்கு ஒரு தரம் முந்திப் போவதற்கு மட்டும் ஒரு தடம் கூடுதலாகப் போடுகிறார்கள். டெக்சாஸில் இதற்கு 'சூப்பர் டூ' என்று பேர். நிலம் எவ்வளவு குறைச்சலாகப் போகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

அடுத்து கலிஃபோர்னியா. நடுப் பள்ளத்தாக்கில் இரண்டு ரோடு பக்கம் பக்கமாக வடக்கே போகின்றன. மேற்கு ஓரத்தில் 5-ம் நம்பர் வேலி ரோடு, ஊர்களை விட்டு ஒதுங்கி, 1970-களின் தொடக்கத்தில் போட்டு முடித்தது. கிழக்கே பழைய 99. பேக்கர்ஸ்ஃபீல்டு, ஃப்ரெஸ்னோ, மெர்சட், மொடெஸ்டோ, ஸ்டாக்டன், சாக்ரமெண்டோ எல்லாம் 99 மேலேதான். திராட்சை, பாதாம், பால் எல்லாம் அந்த ஊர்களைச் சுற்றித்தான். தரம் பிரிக்கிற கொட்டகை, குளிர்பதனக் கிடங்கு, பால் ஆலை எல்லாம் அங்கேதான். ஒதுங்கிப் போகிற வேலி ரோடு வந்த பிறகும் 99-ல் லாரி குறையவில்லை. ஏற்ற வேண்டிய சரக்கு 99 பக்கத்தில் இருந்தால் லாரி எங்கே போகும்? அங்கிருந்து கிழக்கே போகிற காய்கறி லாரி, லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலுக்குள் போகாமல், 58-ம் நம்பர் மாநில ரோட்டைப் பிடித்து டெஹாச்சபி மலையேறி பார்ஸ்டோ போய்ச் சேர்கிறது. நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 99-ம் இன்றைக்குப் பெரும்பாலும் சிக்னல் இல்லாத பெரிய ரோடுதான். ஆனால் எப்படிப் பெரிசாச்சு? பழைய வழியிலேயே, ஊர்களை ஒட்டியே, கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திப் பெரிசாச்சு. ஊருக்கு ஊர் ஏறி இறங்க வழி விட்டுப் பெரிசாச்சு. விவசாயியை விட்டு விலகிப் போகவில்லை.

பழைய ரோடு என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தட ரோட்டில் எதிரும் புதிருமாக லாரி வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? வடகிழக்கு மூலையில் மெய்ன் என்ற மாநிலம், உருளைக்கிழங்கும் மரமும் விளைகிற ஊர். அங்கே கனமான லாரிக்கு 95-ம் நம்பர் வேலி ரோட்டின் வடபகுதியில் அனுமதி இல்லாமல் இருந்தது. மத்திய அரசின் எடை வரம்பு 80,000 பவுண்டு, சுமார் 36 டன். மாநில ரோட்டில் அதற்கு மேல் ஏற்றலாம். விளைவு என்ன? பாரம் ஏற்றிய லாரியெல்லாம் கடைவீதி வழியாக, பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போனது. ஜனங்கள் கத்திக் கத்தி, 2011 கடைசியில்தான் 20 வருஷத்துக்கு அனுமதி வாங்கினார்கள். ஆகவே நாம் 'ரோடே வேண்டாம்' என்று சொல்கிற கூட்டம் இல்லை. ஊருக்குள்ளே லாரி வரக்கூடாது என்றால் ஊரைச் சுற்றி பைபாஸ் போடு, யார் வேண்டாம் என்றது? இருக்கிற ரோட்டை நேராக்கு, அகலமாக்கு.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். இதை ஒவ்வொருத்தரும் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

2002-ல் டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி ஒரு திட்டம் அறிவித்தார். 'டிரான்ஸ்-டெக்சாஸ் காரிடார்' என்று பேர். கார்களுக்குத் தனித் தடம், லாரிகளுக்குத் தனித் தடம், ரயில் பாதை, குழாய், மின்கம்பி எல்லாம் ஒரே பட்டையில். அகலம் எவ்வளவு தெரியுமா? 1,200 அடி வரைக்கும். மாநிலம் பூரா சுமார் 4,000 மைல். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன், ஒரு கிலோமீட்டருக்கு 90 ஏக்கர் வருகிறது. முதல் ரோட்டைப் போட்டு 50 வருஷம் சுங்கம் வசூல் பண்ண ஒரு ஸ்பெயின் நாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தப் பேச்சு. போகிற வழி எது? கரிசல் பூமி. நம்ம கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மாதிரியே, காய்ந்தால் வெடிக்கிற, நனைந்தால் ஒட்டுகிற களிமண். பருத்தி விளைந்த மண்.

அங்கே விவசாயி என்றால் நம்மைப் போல இரண்டு ஏக்கர்க்காரன் இல்லை, நூற்றுக்கணக்கில் வைத்திருப்பான். ஆனால் வேலி ரோடு நிலத்தை இரண்டாக வெட்டினால், அந்தப் பக்கத்து வயலுக்கு டிராக்டர் எப்படிப் போகும் என்ற கேள்வி அவனுக்கும் வந்தது. கூட்டம் போட்டால் சனம் திரண்டு வந்தது. டெக்சாஸ் ஃபார்ம் பீரோ என்ற பெரிய விவசாயச் சங்கம் எதிர்த்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாலு சின்ன ஊர்கள் செய்த காரியம். பார்ட்லெட், ஹாலந்து, ரோஜர்ஸ், லிட்டில் ரிவர் அகாடமி. மேப்பில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல ஊர்கள் சேர்ந்து ஒரு திட்டக் கமிஷன் வைத்துக்கொள்ளலாம், மாநில இலாகாக்கள் அதோடு கலந்துதான் செயல்பட வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 2007-ல் இந்த ஊர்கள் அதைத் தேடி எடுத்துக் கமிஷன் அமைத்து, ரோடு இலாகாவை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டன. சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த விவசாயியை யாரும் லேசில் ஏய்க்க முடியாது.

2008-ல் அரசு முதல் படி இறங்கியது. கிழக்கே போட இருந்த இன்னொரு காரிடாருக்குப் புது வழி வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற 59, 77, 281-ம் நம்பர் ரோடுகளையே மேம்படுத்துகிறோம் என்றது. லாரேடோ எல்லையிலிருந்து ஹூஸ்டன் வழியாக வடக்கே சரக்கு போகிற பழைய லாரி வழிதான் இந்த 59. 2009 ஜனவரியில் காரிடார் திட்டத்தையே கைவிட்டார்கள். 2011-ல் சட்டசபை சட்டப் புத்தகத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டது. நாலு தடவை 'அமெரிக்கா, அமெரிக்கா' என்கிறவர்கள் இந்த ஒரு தடவையையாவது சொல்லியிருக்கலாம்.

அதே டெக்சாஸில் இன்னொரு ரோடு உண்டு. பேரே 'ஃபார்ம் டு மார்க்கெட்', வயலிலிருந்து சந்தைக்கு. முதல் ரோடு 1937-ல் முடிந்தது, ஆறு மைல்கூட இல்லை. 1949-ல் தனிச் சட்டம் போட்டு வருஷா வருஷம் பணம் ஒதுக்கினார்கள். இன்றைக்கு 40,000 மைலுக்கு மேலே, மாநில அரசு பராமரிக்கிற ரோட்டில் ஏறத்தாழ பாதி. வயலில் விளைந்தது இந்த ரோட்டில் ஏறி, 287 மாதிரி ரோட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகிறது. அடி வேர் இல்லாமல் மரம் நிற்குமா? நம்ம ஊரில் மழை பெய்தால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றின வண்டி ஓடைக் கரையில் புதைந்து போகிறது. அந்த மூன்று கிலோமீட்டருக்குத் தார் போட மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்கிறது. அதற்கு நிதி இல்லை, வேலி ரோட்டுக்கு மட்டும் நிதி இருக்கிறது!

நம்ம பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். 2018-ல் சேலம் சென்னை எட்டு வழிச்சாலைக்கு, 277 கிலோமீட்டருக்கு, கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, ஆரம்ப அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் நிலம் அரசுடையது என்று முன்கூட்டியே கணக்கில் ஏற்றியது செல்லாது என்றும் சொன்னது. கோர்ட்டை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம்ம தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் 1956-ல் வந்ததுதான், அவர்கள் சட்டம் வந்த அதே வருஷம். நிலம் எடுக்கிற பிரிவுகளை 1997-ல் சேர்த்தார்கள். 3ஏ பிரிவில் அறிவிப்பு வந்தால், வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம், 3சி பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. நாள் தவறினால் தவறியதுதான். மனுவில் அழுது எழுதாதீர்கள், கேள்வியாக எழுதுங்கள். இருக்கிற ரோட்டை அகலப்படுத்தினால் எத்தனை ஏக்கர் போகும், புது வழிக்கு எத்தனை ஏக்கர் போகும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? வயல் இரண்டாகப் பிரிந்தால் டிராக்டரும் மாடும் போக வழி எத்தனை மீட்டருக்கு ஒன்று? வாய்க்கால் எங்கே கடக்கும்? எங்கள் ஊர் லாரி எந்த இடத்தில் ரோட்டில் ஏறும்?

வெள்ளிக்கிழமை காலையில் சங்க அலுவலகத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பட்டா நகல், அடங்கல், கிணறு, போர், மரங்களின் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். சர்வே நம்பர் சரியாக இருக்க வேண்டும், உட்பிரிவையும் விட்டுவிடாதீர்கள். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் ஒவ்வொருத்தரும் தனித்தனி மனுக் கொடுக்க வேண்டும். பெண்கள் பேரில் நிலம் இருந்தால் அவர்களே வந்து கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்காரர் போடக் கூடாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.