பூனையின் தவம்

 

கோபத்தைச் சிற்பி முகத்தில் காட்டிவிடலாம். துயரத்தைத் தோளின் சரிவில் காட்டலாம். பொய்யை எங்கே காட்டுவது? தேர்ந்த பொய்க்கு உண்மையின் முகம்தான் இருக்கும். அதை அப்படியே செதுக்கினால் பார்ப்பவரும் ஏமாந்து போவார்.

மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பி 7ஆம் நூற்றாண்டில் இதற்கு வழி கண்டார். அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும்பாறையில், உடல் வற்றிய ஒருவர் ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறார். கீழே யானைகளின் அருகில் ஒரு பூனையும் பின்னங்கால்களில் நின்று கைதூக்கியிருக்கிறது. அதைச் சுற்றி எலிகள். மகாபாரத உத்தியோக பருவத்தில் துரியோதனன் உலூகனிடம் சொல்லியனுப்பும் கதை இது: கங்கைக் கரையில் தவசியாக நடித்து, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனை. மேலே நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பூனையைப் பற்றி அப்படி ஒரு வழக்கே இல்லை. எலிகள் சாட்சி சொல்லிவிடுகின்றன. எலிகளை நீக்கிவிட்டால் அதுவும் தவசிதான். மெய்த்தவத்தையும் பொய்த்தவத்தையும் ஒரே பாறையில் வைத்த அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

இத்தாலியில் கரவாஜ்ஜோ 1594 வாக்கில் சீட்டாட்ட மோசடியை வரைந்தார். இளைஞன் ஒருவன் தன் கைச்சீட்டிலேயே மூழ்கியிருக்கிறான். பின்னால் நிற்பவன் அதை எட்டிப் பார்த்து விரலால் சைகை காட்டுகிறான். எதிராளி முதுகுப்புறம் செருகிய சீட்டை உருவுகிறான். அந்தச் சீட்டு நமக்குத் தெரிகிறது, இளைஞனுக்குத் தெரியாது.

மக்காவ் மோசடி எனப்படும் தொலைபேசி ஏமாற்றில் சேமிப்பை இழந்தவரைப் பார்த்து, “இதுகூடவா தெரியவில்லை?” என்று நம் ஊரில் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கேட்பவர் ஓவியத்துக்கு வெளியே நிற்கிறார். ஏமாந்தவரோ அந்த இளைஞனின் நாற்காலியில் இருந்தார். போலீஸ் அதிகாரி என்று சொன்ன ஒரு குரல் மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

கல்லுக்கும் எல்லை உண்டு. லிங்கோத்பவர் சிற்பத்தில் பிரமன் அன்னமாக மேலே பறப்பது தெரியும்; சிவனின் முடியைக் கண்டதாக அவர் சொன்ன பொய்யும் தாழம்பூவின் பொய்ச்சாட்சியும் தெரியா. அவற்றைக் கதைதான் சொல்ல வேண்டும்.

கதை சொல்பவர்களில் சேக்கிழார் போன இடம் வேறு. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வருகிறான். கத்தி இருப்பதைச் சேக்கிழார் நமக்கு முன்னரே சொல்லிவிடுகிறார். மன்னரோ சிவவேடத்தை மட்டுமே கண்டு வணங்குகிறார். குத்துப்பட்ட பிறகும் அவருக்கு வேடம்தான் பெரிது. இதை ஏமாளித்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. திருநீற்றின் மதிப்பை ஒரு கொலைகாரன் தீர்மானிக்க அவர் விடவில்லை. உள்ளே போனவன்மேல் தொடக்கத்திலேயே கண்ணாக இருந்த காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான், மன்னர் தடுக்கிறார். கொதித்து நின்ற ஊராரை விலக்கி, அந்தப் பொய்யனை எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவரும் வேலையும் தத்தனுக்கே வருகிறது.