நோயாளியின் மொழி
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்கினையும் பிணிக்கும் நூல் யாதெனின், மொழியே என்பது நமது துணிபு. வினா விளங்காவிடின் விடை பிறழும்; விடை பிறழின் மருந்தும் பிறழும்.

இதனை நாம் ஏட்டிற் கற்றிலேம், வீட்டிற் கண்டோம். நம் சிற்றன்னையார் முதுமையில் தம் மகனுடன் வடநாட்டு நகரொன்றில் வாழ்ந்தார். ஆங்கு ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றபோது, மருத்துவர்க்குத் தமிழ் தெரியாது. அம்மையார்க்குத் தமிழன்றி வேறொன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பேரனே இருவர்க்கும் இடைநின்று மொழிபெயர்த்தான். தமக்கிருந்த நீர்க்கடுப்பைப் பேரன் வாயாற் சொல்விக்க நாணிய அம்மையார், "ஒன்றுமில்லையப்பா, உடம்பு அசதிதான்" என்றார். அசதிக்கு மருந்து கிடைத்தது. நோய் மூன்று திங்கள் வளர்ந்தது. மருத்துவரையும் குறை கூறோம். சிறுவனையும் குறை கூறோம். அவர் மொழியில் வினவுதற்கு ஒருவர் இல்லாமையே குறை.

இக்குறையைத் தீர்க்க ஒரு சிறு நாட்டார் முயன்று வருதலை ஈண்டு எடுத்துரைப்போம். பிரிட்டன் தீவின் மேற்புறத்ததாகிய வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் என்னும் தொன்மொழி வழங்குகின்றது. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர். அஃதாவது நூற்றுக்குப் பதினெண்மர்க்குச் சற்றுக் குறைவு. ஏனையோருள் மிகப் பெரும்பாலோர் மொழி ஆங்கிலம். அந்நாட்டு மருத்துவப் பணியை வட்டாரந்தோறும் ஏழு நலவாரியங்கள் நடத்துகின்றன. முதியோர், ஊனமுற்றோர் முதலியோரைப் பேணும் பணி இருபத்திரண்டு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு.

"வெல்ஷ் பேசுவோர் ஆங்கிலமும் அறிவாரன்றோ? தனி ஏற்பாடு எற்றுக்கு?" என்பார் உளர். கடைத்தெருவில் விலை பேசும் மொழி வேறு. வலியால் துடிக்கும்போது வாயில் வரும் மொழி வேறு. பள்ளி புகாத குழந்தைக்கு வீட்டுமொழி ஒன்றே தெரியும். மறதிநோயுற்ற முதியோர் சிலர்க்குப் பின்னர்க் கற்ற மொழி முன்னர் நழுவ, தாய்மடியிற் கற்றதே எஞ்சி நிற்கும். மனநோயுற்றார்க்கோ பேச்சே சிகிச்சையின் பெரும்பகுதி. இன்னோர்க்கு மொழி விருப்பமன்று, தேவை.

2011ஆம் ஆண்டுச் சட்டம் வெல்ஷ் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியளித்தது. 2012இல் அந்நாட்டு அரசு, 'வெறுஞ் சொற்களினும் மேலானது' எனப் பொருள்படும் பெயரால் மருத்துவத்திற்கும் சமூகப் பராமரிப்பிற்கும் ஒரு திட்டம் வகுத்தது. அதன் உயிர்நிலை, 'முன்வந்து அளித்தல்' என்னும் கோட்பாடு. நோயாளி "எம் மொழியிற் பேசுவார் உளரோ?" என்று கேளாமுன்னமே, "எம்மொழியிற் பேச விரும்புகின்றீர்?" என்று பணியாளரே வினவுதல் வேண்டும். 2018இல் எழுந்த விதிகளின்படி, மருத்துவமனையில் தங்குவோரை முதல் நாளிலேயே இவ்வாறு வினவுதல் நலவாரியங்களின் கடமை. வெல்ஷ் பேசும் பணியாளர் செம்மஞ்சள் நிறச் சின்னம் அணிதலும் உண்டு. கண்டமாத்திரத்தில் நோயாளி தன் மொழியிற் பேசத் துணிவான்.

இவ்வளவாற் குறை முற்றும் தீர்ந்ததென்று நாம் கூறோம். நோயாய்வு உரையாடல் முழுவதும் வெல்ஷிலேயே நிகழவேண்டும் என்று அவ்விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அதனை வளர்த்தற்கு ஐந்தாண்டுத் திட்டம் வகுக்குமாறே பணிக்கின்றன. மொழியறிந்த மருத்துவரும் செவிலியரும் ஒரு நாளில் தோன்றுவாரல்லர். ஆயினும், கேட்கும் சுமையை நோயாளி தோளினின்றும் இறக்கிப் பணிசெய்வோர் தோளில் ஏற்றினரே, அதுவே பெரிது. நோயுற்றவன் வழக்காடும் நிலையினன் அல்லன்; கேட்க நாணி வாளாவிருப்பவனே பலன். அவன் கேட்கவில்லை என்பதால் அவனுக்கு வேண்டியதில்லை என்று கொள்ளுதல் அறமாகாது.

அன்பர்களே! வேற்றுமொழி நகரங்களில் வாழும் நம் சமூகத்தார், வீட்டு முதியோரின் நோய்வரலாற்றை அவ்வூர் மொழியில் ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. சிறுவரை இடைநிறுத்தாது, வயதுவந்த ஒருவரை உடன் அனுப்புதல் அதனினும் நன்று. மற்றொன்றும் உண்டு. இந்நாளில் நம் ஊர்களுக்கு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர் பிழைப்பு நாடி வருகின்றனர். நம் மருத்துவமனை வாயிலில் அவர் நிற்கும் நிலை, நம் சிற்றன்னையார் அன்று நின்ற நிலையே. நம்முள் செவிலியராயும் மருந்து கொடுப்போராயும் பணிபுரிவோர் உளர். பிறமொழி கற்ற இளைஞரும் உளர். அவர் கேளாமுன்னம் நாம் கேட்போமாக. நம்மவர்க்குப் பிறர் செய்யவேண்டுமென நாம் விழைவதைப் பிறர்க்கு நாம் முதலிற் செய்தலே இச்சங்கத்திற்கு அழகு.