எம்டனின் உள்ளறைகள்



ஒரு போர்க்கப்பலின் உட்புறத்தை அளவு பிசகாமல் சிறு மாதிரியாகச் செய்வது பற்றி இன்று பேச விழைகிறோம். மொழியியல் படித்தவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். பெயரில்லாத உறுப்பைப் பலர் கூடிச் செய்தல் இயலாது. ‘அதை எடு, இதை ஒட்டு’ என்று எத்தனை நேரம் கைகாட்டிக்கொண்டிருப்பது? கைத்தொழில் முதலில் கேட்பது சொல்லைத்தான்.

நாம் தேர்ந்த கப்பல் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் அது. அதே ஆண்டு அக்டோபர் 28 விடியலில், இந்தப் புக்கிட் தெங்காவிற்கு அணித்தேயுள்ள பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து, அங்கு நின்றிருந்த ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறுகையில் பிரான்சின் மூஸ்கே கப்பலையும் மூழ்கடித்தது. மாண்ட ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் ஜோர்ஜ் டவுன் மேற்குச் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் உள்ளது.

அக்கப்பல் நம் மொழிக்குள்ளும் நுழைந்தது. ‘அவன் சரியான எம்டன்’ என்றால் தந்திரமும் துணிவும் மிக்கவன், அஞ்சத்தக்கவன் என்று பொருள். மலையாளத்தில் ‘எமண்டன்’ என்பது மிகப் பெரியதைக் குறிக்கும். ஓர் இயற்பெயர் பண்புப்பெயராகிய இம்மாற்றத்தை நாம் வகுப்பறையில் பலமுறை விளக்கியுள்ளோம். ஆயினும் அச்சொல் கப்பலின் வெளித்தோற்றத்தோடு நின்றுவிட்டது. கரையில் நின்று அஞ்சியவர் தந்த பெயர் அது. உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்ல அதனால் ஆகாது.

வெளித்தோற்றம் ஏமாற்றும் என்பதற்குப் பினாங்கே சான்று. எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. நான்கு புகைபோக்கியுடைய ஆங்கிலேயக் கப்பல்போலத் தோன்றும்பொருட்டு, பொய்யான நான்காவது ஒன்றை நிறுத்திக்கொண்டே அது துறைமுகத்தினுள் வந்தது. உட்புற மாதிரியில் இப்பொய் நில்லாது. மூன்று புகைபோக்கிகளின் கீழே பன்னிரண்டு கொதிகலன்கள் இருக்கும். நான்காவதன் கீழே ஒன்றும் இராது.

இனி அளவுக்கு வருவோம். எம்டனின் நீளம் ஏறத்தாழ 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். நூற்றில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 118 செண்டிமீட்டர், அகலம் 13.5 செண்டிமீட்டர். இரண்டு பள்ளி மேசைகளைச் சேர்த்துப் போட்டால் கப்பல் அடங்கிவிடும். 170 செண்டிமீட்டர் உயர மனிதன் 17 மில்லிமீட்டர் ஆவான். தளத்தைக் காத்த எஃகுக் கவசம் மிகத் தடித்த இடத்தில் 80 மில்லிமீட்டர். மாதிரியில் அது 0.8 மில்லிமீட்டர், ஓர் அட்டையின் கனம். விகிதக் கணக்கை இதனினும் தெளிவாகக் கற்பிக்கும் பாடம் அரிது.

ஒரு பக்கச் சுவரை நீக்கி, நெடுவெட்டாகக் காட்டுவதே ஏற்ற முறை. வேலை கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். மேல்தளத்தை மூடியபின் அடித்தளத்தில் கைவைக்க இயலாது. கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்திற்குத் தமிழில் ‘ஏரா’ என்று பெயர். முன்பகுதி ‘அணியம்’. பாய்மரத்தின் குறுக்குக்கட்டை ‘பருமல்’. இவை அகராதியில் உள்ள சொற்கள். ‘சுக்கான்’ அரபியிலிருந்தும் ‘நங்கூரம்’ பாரசீகத்திலிருந்தும் வந்து நம்மவையாயின. நாமும் கொடுத்திருக்கிறோம். ‘கப்பல்’ என்னும் நம் சொல்லே மலாய்மொழியில் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது. கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததே கடல்வழித் தமிழ்.

இல்லாதவற்றிற்கு என் செய்வது? நிலக்கரி வைத்த இடத்தைக் ‘கரிக்கிடங்கு’ என்றால் சிறுவனுக்கும் விளங்கும். அறைகளைப் பிரிக்கும் எஃகுச் சுவரைக் ‘குறுக்குச்சுவர்’ எனலாம். டார்ப்பிடோவை டார்ப்பிடோ என்றே வைத்துக்கொள்வதில் குறையொன்றுமில்லை. விளங்கும் சொல் இருக்க விளங்காத சொல்லைப் படைப்பது மொழிப்பற்று ஆகாது.

உறுப்புகளுக்குப் பெயரிடும்போது அங்கு உழைத்த மனிதரும் கண்ணுக்குப் புலப்படுவர். கொதிகலன் அறைகளில் கரி தள்ளியவர்களுக்குப் போரும் கடலும் தெரியா. வெப்பமும் தூசியுமே தெரியும். இருபுறமும் கரிக்கிடங்குகள் இருந்தமையால், அடுக்கிய கரியே பக்கங்களுக்கு ஒரு காப்பாகவும் நின்றது; எரிக்க எரிக்க அக்காப்புக் குறைந்தது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனைச் சிதைத்தபோது, அதன் மாலுமிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த 17 மில்லிமீட்டர் உருவங்களை ஒவ்வொன்றாக வைக்கும் மாணவர், எம்டன் என்பது வெறும் அச்சுறுத்தும் பெயரன்று என்பதை உணர்வர். செம்சுக்கில் மாண்டவர்க்கும் இதுவே பொருந்தும்.

இதனை ஆசிரியர்களிடம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இந்நாட்டில் நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் அறிவியல் பேசுகின்றனர். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. இலக்கியமும் இலக்கணமும் எஞ்ச, கருவிகளும் அளவைகளும் வேறு மொழிகளுக்குப் போய்விடுகின்றன. பன்னிரண்டு அகவையில் நின்றுபோன சொல்வளத்தைக் கொண்டு முதிர்ந்த சிந்தனையைச் சொல்வது எங்ஙனம்? பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் பட்டிமன்றத்தோடு ஒரு மாதிரிக் கப்பலையும் எடுத்துக்கொள்ளட்டும். அட்டை, பசை, அளவுகோல் போதும். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும், அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் மாணவரே எழுதட்டும். கப்பல் முடியும்போது ஒரு சிறு கலைச்சொல் அகராதியும் முடிந்திருக்கும்.

நூறாண்டுகளுக்கு முன் கரையில் நின்று அக்கப்பலுக்கு அஞ்சியவர்கள் நமக்கு ஒரு சொல்லை விட்டுச் சென்றனர். உள்ளே நுழைந்து பார்ப்பவர்கள் அடுத்த தலைமுறைக்கு ஒரு நூறு சொற்களையேனும் விட்டுச் செல்லலாம். அப்பணியை இவ்வட்டாரப் பள்ளி ஒன்று தொடங்குமாயின், குறிப்பேட்டைத் திருத்தித் தர நாம் அணியமாக இருக்கிறோம்.