கோப்பையைச் செய்த கைகள்



கோவில்பட்டியில் இலக்கியக் கூட்டம் என்றால் கரிசல் எழுத்தைப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு இன்று கொடுத்திருக்கும் தலைப்பு உலகக் கோப்பை ஹாக்கியின் வரலாறு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டியைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இரண்டும் சொந்தம்தான். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கோப்பையைச் செய்த கைகள் எவருடையவை? பாகிஸ்தான்காரர்களுடையவை. உலகக் கோப்பை என்ற யோசனையே அவர்கள் தந்தது. அதை முன்வைத்தவர், அந்நாட்டு விமானப்படைத் தளபதியாகவும் ஹாக்கி சம்மேளனத் தலைவராகவும் இருந்த நூர் கான். கோப்பையை வரைந்தவர் பஷீர் மூஜித். செய்து முடித்தவர்கள் பாகிஸ்தான் ராணுவத்தின் கைவினைஞர்கள். பூவேலைப்பாடு கொண்ட வெள்ளிக் கிண்ணம், மேலே வெள்ளியும் தங்கமும் இழைத்த உலக உருண்டை, அதற்கும் மேலே ஒரு ஹாக்கி மட்டையும் பந்தும். 1971 மார்ச் 27 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் சர்வதேச ஹாக்கி சம்மேளனத் தலைவர் ரெனே ஃபிராங்கிடம் அதை ஒப்படைத்தார்கள்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு நாளுக்கு முன், மார்ச் 25 இரவில், டாக்காவில் அதே ராணுவம் சொந்தக் குடிமக்கள் மீதே துப்பாக்கியைத் திருப்பியிருந்தது. ஒரு பக்கம் பூவேலைப்பாடு, மறுபக்கம் ரத்தம். முதல் போட்டி பாகிஸ்தானில் நடப்பதாக இருந்தது. இந்திய அணி வரக்கூடாது என்று அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. இரு நாடுகளுக்கும் நடுவே போர் மேகம் திரண்டது. கடைசியில் போட்டியை ஸ்பெயினுக்கு, பார்சிலோனாவுக்கு மாற்றினார்கள். 10 அணிகள். அரையிறுதியில் பாகிஸ்தான் நம்மை 2-1 என்று வென்றது. இறுதியில் ஸ்பெயினையும் வென்று, தான் செய்த கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போனது. ஆறு வாரம் முழுதாகக் கழியவில்லை, போர் மூண்டுவிட்டது. பார்சிலோனாவில் மட்டை பிடித்து மோதிய இரு தேசங்கள் டிசம்பரில் பீரங்கியோடு மோதின.

1973இல் நெதர்லாந்தில், ஆம்ஸ்டெல்வேன் இறுதி ஆட்டத்தில், இரண்டு கோல் முன்னிலை பெற்றும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் தோற்றோம். அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1975ஐ மட்டும் அப்படிக் கடக்க மாட்டேன்.

கோலாலம்பூர். அரையிறுதி மலேசியாவோடு, அவர்கள் சொந்த மண்ணில். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி; நாம் 1-2 என்று பின்தங்கி நிற்கிறோம். மேலாளர் பல்பீர் சிங் சீனியர், மூன்று ஒலிம்பிக் தங்கம் கண்டவர், மைக்கேல் கிண்டோவை வெளியே அழைத்து அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்புகிறார். கிடைத்தது ஒரு பெனால்டி கார்னர். கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்தார் அஸ்லம். கோல்! கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் வெற்றிக் கோல் போட்டார்.

மார்ச் 15, இறுதி ஆட்டம், எதிரே பாகிஸ்தான். போர் முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. முதல் கோல் அவர்களுடையது. பெனால்டி கார்னரில் சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. உள்ளே போய்த்தான் திரும்பியது என்று மலேசிய நடுவர் விஜயநாதன் விசில் ஊதினார். பாகிஸ்தான் வீரர்கள் சூழ்ந்துகொண்டு வாதாடினார்கள், நடுவர் அசையவில்லை. 2-1. அஜித்பால் சிங் கோப்பையை உயர்த்தினார். வானொலியில் ஜஸ்தேவ் சிங்கின் குரல் வழியாகத்தான் நாடு அதைப் 'பார்த்தது'.

இந்த அசோக் குமார் யார்? தியான் சந்தின் மகன். அஸ்லம் ஷேர் கான் யார்? 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்தோடு சேர்ந்து தங்கம் வென்ற அகமது ஷேர் கானின் மகன். தகப்பன்மார் ஒரே அணியில் ஆடினார்கள். பிள்ளைகளில் ஒருவர் அரையிறுதியைக் காப்பாற்றினார், ஒருவர் இறுதியை வென்று கொடுத்தார். அதே அணியில் நம் தமிழ்நாட்டு வீரர் வி. ஜே. பிலிப்ஸ் வலது ஓரத்தில் ஓடினார். அவருடைய அண்ணன் வி. ஜே. பீட்டர் 1964 டோக்கியோவில் தங்கம் வென்றவர். மத்தியப் பிரதேசத்துப் பட்டாணியர், பஞ்சாபியர், ஆதிவாசி, சென்னைத் தமிழர் என்று ஒரு நாடே அந்தப் பதினாறு மட்டைகளுக்குப் பின்னால் நின்றது. அதை இன்னும் நாம் பாடப்புத்தகத்தில் ஒழுங்காக எழுதவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதன் பிறகு? ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது. அந்தக் கோப்பை திரும்பி வரவே இல்லை.

"நம்மாட்களுக்குத் திறமை குறைந்துவிட்டது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் தரையைக் காட்டுவேன். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை, டர்ஃப் விரித்தார்கள். 1928 முதல் 1972 வரை எந்த ஒலிம்பிக்கிலும் ஹாக்கிப் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா அங்கே ஏழாவது இடம். 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வீரர் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. ஆனால் பெரிய அணிகள் பல புறக்கணித்த ஒலிம்பிக் அது. 1986இல் லண்டன் உலகக் கோப்பையில் உண்மை முகத்தில் அறைந்தது. மொத்தம் 12 அணிகள். பதினோராவது பாகிஸ்தான். பன்னிரண்டாவது இந்தியா. கோப்பையைச் செய்த நாடும், அதற்காக அதோடு மோதிய நாடும் வரிசையின் கடைசியில்!

மானாவாரிச் சம்சாரியிடம், இனி நெல் விளைவித்தால்தான் விளைச்சல் கணக்கு என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. புல்லிலும் மண்ணிலும் பந்து குதிக்கும், திசை மாறும். அதை மணிக்கட்டால் அடக்கிப் பழகியவர்கள் நம்மவர்கள். டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓட்டமும் உடல்வலுவும் முந்திக்கொள்ளும். அந்தத் தரைக்குப் பணம் வேண்டும், ஆட்டத்துக்கு முன்னால் நனைக்கத் தண்ணீர் வேண்டும். ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் விரித்தார்கள். நாம் தலைநகரங்களில் ஒன்றிரண்டு விரித்துவிட்டு, கிராமத்துப் பையனைப் பதினெட்டு வயதில் அதன்மேல் ஏற்றிவிட்டு, ஏன் தடுமாறுகிறாய் என்று கேட்டோம்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1994இல் சிட்னியில், டர்ஃபில்தான், ஷாபாஸ் அகமதின் பாகிஸ்தான் நெதர்லாந்தை வென்று நான்காவது முறை கோப்பையைத் தூக்கியது. இன்றுவரை அதிகமுறை வென்ற நாடு அதுதான். அப்படியானால் நம் மட்டைக்கலை டர்ஃபில் செத்துவிடவில்லை; கால் பழகினால் அங்கேயும் பேசும். பிறகு அவர்கள் வாரிசுகளை வளர்க்கத் தவறினார்கள். 2014இலும் 2023இலும் உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. நான்கு முறை வென்றவர்கள்! அதை நினைத்து மகிழ என்னால் முடியாது.

ஜெயித்தவர்கள் யாரும் சும்மா ஜெயிக்கவில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா தலா மூன்று முறை. 2018இல் புவனேஸ்வரத்தில் வென்ற பெல்ஜியத்தின் மக்கள்தொகை தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். சிறுவர்களை வளர்த்தெடுத்த பலன் அது. ஒடிசா அரசு இந்திய அணியைத் தோளில் சுமந்தது. 2018, 2023 இரண்டு உலகக் கோப்பைகளையும் நடத்தியது. ரூர்கேலாவில் பிர்சா முண்டா பெயரில் பிரம்மாண்டமான அரங்கம் எழுப்பியது. அந்த மாநிலத்துக்கு ஹாக்கி ரசிகர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலுமாக ஜூனியர் உலகக் கோப்பை நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள். நம் பிள்ளைகள் அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் பெற்றார்கள். பாகிஸ்தான் வரவில்லை, அதன் இடத்தில் ஓமன் ஆடியது. 1971இல் இந்தியா அங்கே போக முடியவில்லை, 2025இல் அவர்கள் இங்கே வரவில்லை. மதுரையில் பச்சைச் சட்டைப் பையன்களும் நீலச் சட்டைப் பையன்களும் மோதியிருந்தால் கைதட்டி ஓய்ந்திருக்க மாட்டோம்.

இனி நம் ஊர். இந்த ஊரில் டர்ஃப் இருக்கிறது, விடுதி இருக்கிறது. இங்கே வளர்ந்த மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து இங்கே வந்து பயின்ற கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு வெண்கலம் வென்றார்கள். டர்ஃப் சுமார் பத்து ஆண்டில் தேய்ந்துபோகும். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் அதை நனைப்பதும் லேசான காரியம் இல்லை. ஆகவே சபையில் இருக்கும் நகரத்துப் பெரியவர்களிடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். தரை தேயுமுன்பே மாற்றுவதற்கான பணத்தை இன்றே கேட்கத் தொடங்குங்கள். சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்கு வாரத்தில் சில மணி நேரம் அந்தத் தரையைத் திறந்துவிடுங்கள். பத்து வயதிலேயே அந்தக் கால்கள் பழகட்டும்.

2026 ஆகஸ்டில் ஆம்ஸ்டெல்வேனிலும் பெல்ஜியத்தின் வாவ்ரேயிலும் அடுத்த உலகக் கோப்பை. இந்தியா ஆடும் நாட்களில் மைதானத்தில் பெரிய திரை கட்டுங்கள், அந்தக் கிராமத்துப் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்து வாருங்கள். வண்டிச் செலவில் என் பங்கை இந்த மேடையிலேயே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.