திரும்பிப் பார்க்கும் பிள்ளை



வீட்டில் பத்து மாதக் குழந்தை இருக்கிறதா? அது தவழும்போது கவனியுங்கள். கொஞ்ச தூரம் போகும். நிற்கும். திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். பிறகுதான் மேலே போகும்.

என் மகளும் அப்படித்தான். சமையலறை வாசலில் ஒரு நிலைப்படி. அதில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சிரித்தால் தாண்டிவிடுவாள். நான் பதறினால் அங்கேயே உட்கார்ந்து உதட்டைப் பிதுக்குவாள்.

இதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்து 1985-ல் வெளியிட்டார்கள். ஒரு மேசை. மேலே முழுக்கக் கண்ணாடி. அதில் ஒரு பாதி மட்டும் பள்ளம் போலத் தெரியும். விழ வழியில்லை. ஆனால் குழந்தைக்கு அது தெரியாதே! ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்பு வரை வந்து நின்று, எதிரே இருந்த அம்மாவைப் பார்த்தன. அம்மா சிரித்த முகம் காட்டினால் பெரும்பாலானவை தாண்டின. பயந்த முகம் காட்டினால் ஒன்றுகூடத் தாண்டவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முகம்தான் பேசியது.

அதனால், குழந்தை தவழும்போது செல்போனைக் கீழே வையுங்கள். அது திரும்பிப் பார்ப்பது ஒரு நொடிதான். அந்த நொடியில் உங்கள் முகம் அதற்குக் கிடைக்க வேண்டும்.

முகம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. தண்ணீர் வாளி, சூடான குக்கர், இஸ்திரிப் பெட்டி. இவற்றை முதலிலேயே எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அவற்றுக்குப் பதில் ஒரு டம்ளரும் கரண்டியும் தரையில் கிடக்கட்டும். குழந்தை எடுத்து ஒரு தட்டு தட்டும். உடனே உங்களைத் திரும்பிப் பார்க்கும்.