கடைசி வரிசைப் பிள்ளைகள்
(காலனிப் பள்ளியில் பேண்டு பயிற்றுவிக்கும் ஆசிரியர்களிடையே, ஆண்டுவிழாவுக்கு முன் சங்கத்தில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். ஆயினும் என் பிள்ளைகள் இருவர் பேண்டில் வாசிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பழகும் ஓசையை மூன்றாண்டுகளாகப் பொறுத்துக்கொண்ட உரிமையில் பேசத் துணிந்தேன்.

தாளம் தவறும் பிள்ளைகளை விலக்கிவிட்டு, தேர்ந்தவர்களைக் கொண்டே விழாவில் வாசித்தால் என்ன என்ற பேச்சு இவ்வாண்டும் எழுந்துள்ளது. ஆறு பிள்ளைகளின் பெயர் அடிபடுகிறது. அது கூடாது என்பதே என் கருத்து.

நம்மில் பலர் கொள்ளேகால் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வந்தவர்கள். 1956 நவம்பர் முதல் நாள் மைசூர் இராஜ்யத்தோடு சேரும்வரை கொள்ளேகால் வட்டம் நம் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் சேலம், தருமபுரிப் பக்கத்து அடியார்கள் அம்மலைக்குத் திரளாக வருகிறார்கள். அங்கே 'தேவர குட்டர்' எனப்படும் அடியார்கள் கம்சாளே வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். இடக்கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம்; வலக்கையில் குஞ்சம் கட்டிய வெண்கலத் தட்டு. 'பீசு கம்சாளே'யில் அதனை வீசி, தலைக்கு மேலும் தோளைச் சுற்றியும் கொண்டுசென்று தட்டுகிறார்கள். நெருங்கி நின்று ஆடும்போது அடுத்தவர் கை எங்கே செல்கிறது என்பதை அறியாதவன் அடிபடுவான்! அவர்கள் குரலில் நல்லவர் எனப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர். தீட்சை பெற்று, குருவினிடம் கற்றுக்கொண்டவர்கள். மாதேஸ்வரர் காவியமும் வாய்மொழியாகவே வழிவழி வந்தது.

நம் மிருதங்க ஆசிரியர்களும் சொற்கட்டை வாயால் சொல்ல வைத்த பின்பே கையை வைக்கச் சொல்வார்கள். பேண்டிலோ முதல் நாளே குச்சியைக் கொடுத்துவிடுகிறோம். தடுமாறும் பிள்ளையை ஒரு வாரம் வாயால் சொல்லிக்கொண்டே நடக்கச் செய்யுங்கள்.

மற்றொன்று கூறவேண்டும். அந்த அறுவரில் நால்வர் கடைசி வரிசையில் நிற்பவர்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. அணி 17 மீட்டர் நீண்டிருந்தால், முன்னே அடிக்கும் முரசு பின்னால் நிற்பவனை விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்தே எட்டும். அவன் அதற்கேற்ப வாசிப்பது முன்னே நிற்கும் உங்களை வந்தடைய மீண்டும் அவ்வளவு நேரம். ஆகப் பத்தில் ஒரு பங்கு விநாடி! நிமிடத்திற்கு 120 அடி வைக்கும் நடையில் ஓர் அடிக்கு அரை விநாடிதானே? சரியாக வாசிக்கும் பிள்ளையும் பிந்தியவனாகத் தோன்றுவான். பெரிய முரசை அணியின் நடுவில் நிறுத்துங்கள். பின்வரிசையார் முன்னே செல்வோரின் காலைப் பார்த்து வாசிக்கட்டும்.

குளிர்ந்த காலையில் ஊதுகருவிகள் சுருதி இறங்கி ஒலிக்கும். அதற்கும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. சிறிது நேரம் ஊதிச் சூடேறிய பின் சுருதி சேருங்கள்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை அதுவரை எழுதவேண்டா. மாலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். பெரிய முரசைக் கொண்டுவர என் சைக்கிள் இருக்கிறது. பின்னால் பிடித்துக்கொள்ள ஒருவர் வந்தால் போதும்.