ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், கண்ணு!

(பெற்றோருக்காக உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செல்போனில் இதைப் படிக்கும் அம்மா, அப்பா, அண்ணன், அக்கா எல்லாருக்கும்தான் இந்தப் பேச்சு.

ஆறாம் வகுப்பில் பி.டி. பீரியட் மணி அடிச்சதும் முதல் ஆளா மைதானத்துக்கு ஓடின பொண்ணு, ஒன்பதாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துடறா. கேட்டா, "முடியல மிஸ்" என்கிறாள். திறமை போயிடுச்சா? இல்லைங்க. நடுவில் நாம் சொன்ன வார்த்தைகள் வேலை செய்யுது. "வெயில்ல கறுத்துடுவே", "வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன ஓட்டம்?" பையன் தோத்தா "அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்" என்கிறோம். பொண்ணு தோத்தா "அப்பவே சொன்னேனே" என்கிறோம். தன்னம்பிக்கை உடையறது அங்கேதான்.

சென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவியைப் பாருங்க. பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சில் சேர்ந்தார். மூங்கில் குச்சியில் பழகினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். முதல் ஆட்டத்தில் 15-3 என வெற்றி. அடுத்ததில் 7-15 எனத் தோல்வி. அதோடு நிறுத்தலை. 2023-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். தோல்விக்குப் பிறகும் ஆட விட்டால்தான் அடுத்த வெற்றி வரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* உடை கூச்சமா இருந்தா, டிராக் பேன்ட் போட்டு ஆடலாமான்னு ஆசிரியரிடம் கேளுங்க. உடையை மாத்துங்க, ஆட்டத்தை நிறுத்தாதீங்க.
* மாதவிடாய் நாளில் உடம்பு ஒத்துழைத்தால் ஆடலாம். வலி அதிகம்னா டாக்டரிடம் காட்டுங்க.
* சாயங்காலப் பயிற்சி இருந்தா, அன்னிக்குப் பாத்திரம் கழுவுறது தம்பியோட வேலையா இருக்கட்டும்.
* பயிற்சி நடக்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்க. யாராவது தொந்தரவு கொடுத்தா 1098 அல்லது 14417 எண்ணுக்குக் கூப்பிடுங்க. குற்றம் செய்தவன் மேல்தான் நடவடிக்கை வேணும். பொண்ணை வீட்டில் உட்கார வைக்கிறது தீர்வு இல்லை.

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்கு ஆன்லைனில் பதிவு செய்யலாம். பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், பொதுப்பிரிவு எல்லாம் உண்டு. மாணவிகளுக்கான விளையாட்டு விடுதி விவரமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கு. சாதித்த வீரர், வீராங்கனைகளுக்கு அரசு வேலையில் 3 சதவீத இடஒதுக்கீடும் உண்டு.

இன்னிக்குச் சாயங்காலம் பொண்ணு வீட்டுக்கு வந்ததும், "எவ்வளவு மார்க்?" என்பதோடு இன்னொன்றும் கேளுங்க: "இன்னிக்கு என்ன ஆட்டம் ஆடினே, கண்ணு?"